ஸ்விட்ச் நடுவில் நிற்கும்போது

பெப்பு, 1979 ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கென்சாகு எழுதுகிறேன். இங்கே செர்ரி பூத்துக் கொட்டியும் ஆயிற்று. மட்சுமோட்டோவில் நீங்கள் இரண்டு பேரும் இன்னும் போர்வைக்குள்தான் காலை நீட்டிக்கொண்டிருப்பீர்கள். அம்மாவுக்கு உடம்பு தேவலையா? உன் இடுப்பு வலி எப்படி? எனக்கு மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு, தினமும் வெந்நீர் ஊற்றுக் குளியல். ஊதிப் போய்விட்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டலில் புதிதாகப் பெரிய ஹால் கட்டுகிறார்கள். ஜூலை முதல் தேதி திறப்பு. அந்த ஹாலுக்கு ஒரே ஒரு கிட்டார்காரன் போதுமாம். நான் இருக்கிறேன், ஹகாட்டாவிலிருந்து வந்த நிஷியோரி என்று ஒருவன் இருக்கிறான். மேலாளர் முனகாத்தா இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "திறப்பு அன்னிக்கு ஆளுக்குப் பாதி வாசிங்க. கேட்டுட்டு ஒருத்தரை வெச்சுக்கறேன். இன்னொருத்தர் அடித்தள பாருக்குப் போகலாம். ஆனா ஒண்ணு, பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாத்திட்டு நிக்கற ஆளு எனக்கு வேண்டாம். ஒரே கிட்டார், எல்லாப் பாட்டும்."

எல்லாப் பாட்டும் என்றால் என்ன தெரியுமா? கிழவர்களுக்கு என்கா பாட்டு, அதில் கிட்டார் மூக்கைச் சிந்தி அழ வேண்டும். தேனிலவுக்காரர்களுக்கு ஹவாய்ப் பாட்டு. கம்பெனிச் சுற்றுலா வந்த பையன்களுக்கு ராக். என் கிட்டார் இதில் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை. கம்பி அதிர்வைப் பிடித்து ஒலியாக்குகிற பிக்கப் இரண்டும் பழசு, சளி பிடித்த மாதிரி. மேடை விளக்கைப் போட்டதும் 'ஙொய்ய்' என்று இரைச்சல் வேறு. இரண்டையும் மாற்றியாக வேண்டும். பட்டறையில் நாள் முழுக்க பிக்கப் சுற்றுகிற அக்காவை வைத்துக்கொண்டு நான் யாரைப் போய்க் கேட்பது? எதைப் போடலாம், சொல்.

பெரிய ஹால் மட்டும் கிடைக்கட்டும், அம்மாவை இங்கே கூட்டிவந்து ஒரு வாரம் வெந்நீர் ஊற்றில் உட்கார வைக்கிறேன். அடித்தள பாரில் வாசிக்கிற பிள்ளையாக அவள் முன்னால் வந்து நிற்க எனக்கு இஷ்டமில்லை.

தம்பி,
கென்சாகு

•

மட்சுமோட்டோ, ஏப்ரல் 19

கென்சாகுவுக்கு அக்கா எழுதியது.

மலையில் இன்னும் பனி உருகவில்லை. போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டிருக்கிறோமாம். நான் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது இருட்டிய பிறகு. செம்புக் கம்பி விரலை அறுத்துவிட்டது, கட்டுப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் படித்துக்கொள்.

சளி பிடித்திருக்கிறது, இரைகிறது என்று எழுதினால் எனக்கு என்ன புரியும்? பிக்கப்பைக் காகிதத்தில் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த மரம் எப்படி அதிர்கிறது, உன் கை எவ்வளவு அழுத்துகிறது என்று காதால் கேட்க வேண்டும். மே மாத விடுமுறைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வா. காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் மாட்டித் தருகிறேன்.

அம்மாவின் படுக்கையைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டேன். படி ஏற முடியவில்லை. உன்னைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது என்று நான் சொல்லிக்காட்டவில்லை. உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஊதிப் போனால் கிட்டார் வயிற்றில் இடிக்கும்.

கினுயோ

•

பெப்பு, மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ஆறியதா? மஞ்சள் மருந்து போடு, சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்.

மே விடுமுறையில் வா என்கிறாயே! ஹோட்டல்காரனுக்கு அதுதான் திருவிழா. நடைபாதையில்கூடப் படுக்கை போட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் ரயில் ஏறினால் நிஷியோரி என் நாற்காலியையும் எடுத்து வைத்துக்கொள்வான்.

ஆகவே காகிதத்திலேயே முடிந்தவரை சொல்கிறேன். கம்பி கட்டிய பாலத்துப் பக்கம் ஒன்று, கழுத்துப் பக்கம் ஒன்று என்று இரண்டு பிக்கப். ராக் என்றால் பாலத்துப் பக்கம் தடியாக வேண்டும். அழுகைப் பாட்டு என்றால் கழுத்துப் பக்கம் தெளிவாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்குமே, அது. விருந்தாளி யாராவது குடித்துவிட்டு மேடையேறிப் பாடும்போது நான் நடுவில்தான் வைப்பேன். பாடுகிறவர் குரலை மூடாமல் பக்கத்திலேயே நடக்கிற ஒலி அது. எனக்குச் சோறு போடுவதே அந்த நடுதான்.

ஹகாட்டாக் கடைக்காரன் அமெரிக்க பிக்கப் இரண்டைக் காட்டினான். "இதைப் போட்டா எருமைகூட ராக் வாசிக்கும்" என்றான். நிஷியோரி அதைத்தான் வாங்கியிருக்கிறான். நானும் வாங்கிவிடட்டுமா?

அம்மாவைக் கீழே இறக்கியது நல்லது. குளியலறை பக்கமாயிற்று. நன்றாகச் சாப்பிடச் சொல்.

கென்சாகு

•

மட்சுமோட்டோ, மே 15

கென்சாகுவுக்கு,

ஆப்பிள் பூ பூத்திருக்கிறது. எனக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. விரல் ஆறிவிட்டது.

அந்த அமெரிக்க பிக்கப்பைத் தொடாதே. நிறையச் சுற்று, பலத்த காந்தம், எதை வாசித்தாலும் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான். ராக் மட்டும் வாசிக்கிறவனுக்கு அது சரி. நீ கிழவர்களை அழ வைக்க வேண்டியவன்.

நான் சொல்வதைக் கேள். பாலத்துப் பக்கம் இரட்டைச் சுருள் போடு. இரைச்சல் ஒழியும். ஆனால் கடையில் கிடைப்பதைவிடச் சுற்று குறைத்து நானே சுற்றித் தருகிறேன், அப்போதுதான் தடித்துப் போகாமல் தெளிவு மிஞ்சும். கழுத்துப் பக்கம் ஒற்றைச் சுருள், காந்தம் கொஞ்சம் சாதுவானது. அது தனியாக லேசாக இரையும், பொறுத்துக்கொள். இரைகிறதே என்று அங்கேயும் இரட்டைச் சுருளைப் போட்டால் உன் என்கா பாட்டு அழாது, ஏப்பம் விடும். இப்படிப் போட்டால் நடுவும் நன்றாக வரும்.

இனி அம்மா. கஞ்சிதான் குடிக்கிறாள், அதிலும் பாதி மிஞ்சுகிறது. டாக்டர் வாரம் இரண்டு முறை வருகிறார். போன வாரம் வாசலில் செருப்புப் போடும்போது என்னிடம், "பையன் ஒருத்தர் இருக்காராமே, எப்ப வர்றார்?" என்று கேட்டார். ஒரு டாக்டர் அதை ஏன் கேட்கிறார் என்று யோசி. அம்மாவோ, "அவனுக்கு ஒண்ணும் எழுதித் தொலைக்காதே. பதறிட்டு ஓடி வருவான், அங்க வேலை போயிடும்" என்கிறாள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வா. பிக்கப் மாட்டிக்கொள்வதற்காக வந்தேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கினுயோ

•

பெப்பு, மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் நலம். இங்கே மழைக்காலத்துக்கு முந்தின புழுக்கம்.

இரட்டைச் சுருள் பாலத்துக்கு, ஒற்றைச் சுருள் கழுத்துக்கு. படித்ததும் மனசுக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். அதுதான் சரி! அக்கா என்றால் அக்காதான். அமெரிக்கனை நிஷியோரியே கட்டிக்கொண்டு அழட்டும்.

சுற்றி முடித்ததும் தபாலில் அனுப்பிவிடு. சால்டர் வைக்க எனக்குத் தெரியும், நானே மாட்டிக்கொள்கிறேன். ஜூன் முழுக்க ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. ஜூலை முதல் தேதி முடியட்டும். பெரிய ஹால் என்று முடிவானதும் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன். அம்மாவிடம் கஞ்சியை மிச்சம் வைக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். ஒரு மாதம்தானே அக்கா, பார்த்துக்கொள்.

கென்சாகு

•

மட்சுமோட்டோ, ஜூன் 10

கென்சாகுவுக்கு,

இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் வைக்கோல் நிறைய வைத்திருக்கிறது, குலுங்காது. வந்த அன்றே மாட்டு, தள்ளிப் போடாதே. ஒலியில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் வேறு எவனிடமும் கொடுக்காதே, நேராக என்னிடம் எடுத்துக்கொண்டு வா.

நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அன்று கஞ்சியை முழுக்கக் குடித்தாள். பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

கினுயோ

•

பெப்பு, ஜூலை 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நேராக எழுதுகிறேன்.

பெட்டி வந்து இரண்டு வாரம் ஆகிறது என்பது உண்மை. தினமும் ராத்திரி வாசிக்கிற கிட்டார். ஒரே கிட்டார். அதை எப்போது பிரித்துப் போடுவது? ஜூலை முதல் தேதி காலையில்தான் மாட்ட முடிந்தது. மாட்டிவிட்டு வாசித்துப் பார்க்கலாம் என்றால், ஹாலில் பூசாரி வந்து தீட்டுக் கழித்துக்கொண்டிருக்கிறார். மேளக்காரன் முதல் சமையற்காரன் வரை தலை குனிந்து நிற்கிறார்கள், மூச்சுச் சத்தம் இல்லை. பக்கத்து அறையில் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பைத் தட்டிப் பார்த்தேன். பாலத்தில் டக். கழுத்தில் டக். நடுவில் வைத்துத் தட்டினாலும் டக், டக். இரண்டுக்கும் உயிர் இருக்கிறது, போதும் என்று மேடையேறிவிட்டேன்.

முதலில் ராக். பாலத்துப் பக்கம். அக்கா, சிங்கம் மாதிரி இருந்தது! நிஷியோரியின் முகம் தொங்கிப் போயிற்று. அடுத்தது என்கா பாட்டு, கழுத்துப் பக்கம். முன்வரிசையில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாவதாக ஹோட்டல் முதலாளியே பாட வந்தார். நான் ஸ்விட்சை நடுவில் வைத்தேன்.

தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட கொசு. அந்தச் சத்தம்தான் வந்தது. தனித்தனியே அவ்வளவு நன்றாக இருந்த இரண்டும் சேர்ந்ததும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. முதலாளி பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதற்றத்தில் ஸ்விட்சை அப்படியும் இப்படியும் தள்ளினேன், சுருதியும் விட்டேன். பின்னால் யாரோ, "என்னய்யா, ரேடியோல ஸ்டேஷன் கெடைக்கலையா?" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு.

நேற்றிலிருந்து அடித்தள பாரில் இருக்கிறேன். காசு போட்டால் இசை வருகிற பெட்டி ஒன்று இங்கே இருக்கிறது. அது ரிப்பேர் ஆகிற நேரத்தில் நான் வாசிக்கலாமாம்.

ஏன் அக்கா அப்படி ஆயிற்று? நீ சுற்றினதில் தப்பு வராதே.

கென்சாகு

•

மட்சுமோட்டோ, ஜூலை 6

கென்சாகுவுக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். வந்த அன்றே மாட்டு என்று சொன்னேனே! திறப்பு நாள் வரை எதற்காக வைத்திருந்தாய்?

பிக்கப் கெட்டுப் போகவில்லை. சின்ன விஷயம், இரண்டு நிமிஷ வேலை. கிட்டாரை எடுத்துக்கொண்டு உடனே வா. அடித்தள பார்தானே, நாலு நாள் இல்லாவிட்டால் யாரும் தேடப் போவதில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அம்மா உட்காருவதில்லை. படுத்தபடியே வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்டில் முன்னோர் பண்டிகைக்கு வரலாம் என்று கணக்குப் போடாதே. இந்த மாதமே வா.

கினுயோ

•

பெப்பு, ஜூலை 20

கினுயோ அக்காவுக்கு,

நீ சொன்ன இரண்டு நிமிஷ வேலை முடிந்துவிட்டது. இங்கே ஹிகாகி என்று ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் இருக்கிறார், அவரிடம் கொடுத்தேன். கழுத்து பிக்கப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்: "இதைச் சுத்தினவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"எங்க அக்கா" என்றேன்.

"அப்ப நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். காட்டினார். கறுப்புக் கம்பி, வெள்ளைக் கம்பி இரண்டையும் முதலில் சரியாகத்தான் சால்டர் வைத்திருக்கிறாய். பிறகு அதை உருக்கி எடுத்துவிட்டு, இடம் மாற்றி வைத்து, தடம் தெரியாமல் மேலே மெழுகு பூசியிருக்கிறாய். இடம் மாறினால் தனியாக ஒலிக்கும்போது தெரியாதாம், இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றை ஒன்று அழிக்குமாம். "கை தவறினவங்க மெழுகு பூச மாட்டாங்க தம்பி. இது தெரிஞ்சே பண்ணினது" என்றார். இடம் மாற்றினார். நடு ஸ்விட்ச் இப்போது தேன் மாதிரி ஒலிக்கிறது. யாருக்கு வாசிப்பது? காசுப் பெட்டிக்கா?

நடுதான் எனக்குச் சோறு போடுகிறது என்று உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு அந்த இடத்திலேயே கை வைத்திருக்கிறாய். நான் ஊரை விட்டுப் போனேன், அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டேன் என்று வயிற்றெரிச்சல் இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே, படுபாவி!

இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். ஏற்க மறுப்பு என்று எழுதி, என் பெயர் முத்திரையை என் கையாலேயே குத்தித் திருப்பி அனுப்புவேன். போனும் செய்யாதே, வரவேற்பில் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் என் வணக்கம்.

மொமோசே கென்சாகு

•

(அச்சிட்ட அட்டை. சாம்பல் நிறக் கரை.)

துக்கம் காரணமாகப் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப இயலாமை குறித்து

எங்கள் தாயார் தோமே கடந்த ஆகஸ்ட் 11 அன்று தமது எழுபத்திரண்டாம் வயதில் காலமானார். ஆகவே வரும் புத்தாண்டுக்கு எங்கள் இல்லத்திலிருந்து வாழ்த்து அனுப்ப இயலாது. பொறுத்தருள வேண்டுகிறோம். தாயார் உயிரோடிருந்த காலத்தில் அவர்மீது தாங்கள் காட்டிய அன்புக்கு உளமார்ந்த நன்றி. குளிர்காலத்தில் தங்கள் உடல்நலம் பேணுக.

1979 டிசம்பர்
மட்சுமோட்டோ
மொமோசே கினுயோ

•

பெப்பு, டிசம்பர் 8

அக்கா,

அட்டை வந்தது. நேற்று மதியம் வந்தது. வரவேற்பில் இருந்த பெண் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தெரிஞ்சவங்க யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இது வெளியாட்களுக்கு அனுப்புகிற அட்டை இல்லையா? மளிகைக்காரருக்கு, பட்டறைக்காரருக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு. பெற்ற பிள்ளைக்கு இதை யாராவது அனுப்புவார்களா? தாயார்மீது தாங்கள் காட்டிய அன்புக்கு நன்றியாம். எனக்கு! இந்த அட்டையை அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். உன் பெயருக்குக் கீழே என் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். நீ அதை விலாசப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்.

நாலு மாதம். நான் பாரில் கூத்தடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தந்தி அடித்திருக்கக் கூடாதா?

அம்மா என்னைக் கேட்டாளா? ஏதாவது சொன்னாளா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் வரலாமா?

கென்சாகு

•

மட்சுமோட்டோ, டிசம்பர் 15

கென்சாகுவுக்கு,

முதலில் பிக்கப். ஆமாம், தெரிந்தேதான் மாற்றி வைத்தேன். வந்த அன்றே மாட்டுவாய், நடு ஸ்விட்சில் ஒரு தரம் வாசித்ததுமே திட்டிக்கொண்டு ரயில் ஏறுவாய் என்று நினைத்தேன். திறப்பு நாளுக்கு இரண்டு வாரத்துக்குமேல் இருந்ததே! அம்மாவுக்காக வா என்றால் நீ வரவில்லை. கிட்டாருக்காகவாவது வருவாய் என்றுதான் செய்தேன். உன் வேலை போனதற்கு நான்தான் காரணம். அதை நான் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

வெளியாட்களுக்கு அனுப்புகிற அட்டை என்கிறாய். வேறு எதை அனுப்புவது? உறையில் போட்டால் திருப்பி அனுப்புவாய். அட்டையென்றால் திருப்புவதற்குள் கண்ணில் பட்டுவிடும். அச்சுக் கூடத்தில், "அனுப்பறவங்க வேற யார் பேராவது போடணுமா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் என்றேன்.

ஜூலைக் கடைசியில் நான் ஒரு கடிதம் போட்டேன். உன் முத்திரையோடு திரும்பி வந்தது. போன் செய்தேன். "அவர் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருக்காருங்க" என்றாள் அந்தப் பெண். பாவம், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அதற்குமேல் தந்தி அடித்துக் கெஞ்ச எனக்கு வரவில்லை.

அம்மா கேட்டாளா என்கிறாய். கேட்கவில்லை, எழுதினாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள், காகிதம் கொண்டுவரச் சொல்லி, நான் தோளைப் பிடித்துக்கொள்ள, அவளே எழுதி, அவளே ஒட்டினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. அதற்குமேல் விலாசம் எழுத அவள் கை ஒத்துழைக்கவில்லை, அதனால் உறைமேல் நான் எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்துத்தானே நீ முத்திரை குத்தினாய்?

அது திரும்பி வந்த அன்று நான் பட்டறையில் இருந்தேன். தபால்காரர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது அதை முகத்துக்கு நேரே பிடித்து, உன் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முத்திரை எவ்வளவு அழுத்தமா விழுந்திருக்கு பாரு. கை நடுங்கலை. நல்லா இருக்கான்" என்றாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேசவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

அந்தக் கடிதம் உனக்கு வேண்டுமென்று கேட்பாய். அதைப் பிரிக்காமல் அவளோடு பெட்டியில் வைத்து எரித்துவிட்டேன்.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வழி உனக்குத் தெரியும். வீட்டில் இனி யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கடிதத்தை நலம் விசாரித்து முடிப்பது வழக்கம். நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மாவே சொல்லிவிட்டுப் போனாள்.

கினுயோ